பட்டாவுக்கு வரும் பணம்: சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் வேளாண் மானியமும் குத்தகை உழவரும்

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் பொக்லைன் இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கின. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை அது. பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிர் மண்ணோடு மண்ணாகப் புரட்டப்பட்டதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மறுநாள், ஜூலை 27 அன்று, ராஜஸ்தானின் சீகர் நகரில் பிரதமர் உழவர் உதவித்தொகைத் திட்டத்தின் 14-ஆம் தவணையை விடுவித்தார். நாடெங்கும் எட்டரைக் கோடி உழவர்களின் வங்கிக் கணக்குகளில் ஆளுக்கு 2,000 ரூபாய், மொத்தம் 17,000 கோடி ரூபாய் சேர்ந்தது.

இரண்டும் அடுத்தடுத்த நாளில் நடந்தது தற்செயல். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இந்தக் கட்டுரையின் கேள்வி எழுந்துவிடுகிறது: அரசின் கண்ணில் உழவர் என்பவர் யார்? வளையமாதேவி நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை. காகிதத்தில் அவை நிறுவனத்தின் சொத்து. நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, உரமிட்டவர்களோ பழைய குடும்பங்களின் மக்கள். காகிதக் கணக்குப்படி அங்கே உழவர் எவரும் இல்லை. வயல் கணக்குப்படி அறுவடைக்குக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தர உத்தரவிட்டார். நிலம் எவர் பெயரில் இருந்தாலும் பயிர் அதை வைத்தவருடையது என்ற பழைய நியாயத்தை அந்த உத்தரவு ஏற்றுக்கொண்டதாகவே நான் வாசிக்கிறேன். நம்முடைய மானியத் திட்டங்களில் பல இந்த நியாயத்தை இன்னும் ஏற்கவில்லை என்பதுதான் என் வாதம்.

இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன். பொருளாகவும் விலையாகவும் வந்த மானியம் ஓரளவுக்கேனும் உழுபவரைத் தேடிப் போனது. ரொக்கமாக வங்கிக் கணக்குக்கு மாறிய மானியம் பட்டாவைத் தேடிப் போகிறது. இந்த மாற்றத்தைப் பற்றி எங்கும் பெரிய விவாதம் நடக்கவில்லை. குத்தகைக்கும் விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் பயிர் வைப்பவர்கள் அதிகம் உள்ள கீழ்க் கடலூர்ப் பகுதியில் அதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம்.

நீரும் நிலமும்

சேத்தியாத்தோப்பு கடலூர் மாவட்டத்தின் புவனகிரி வட்டத்தில் உள்ள பேரூர். சிதம்பரம் - விருத்தாசலம் சாலையும் கும்பகோணம் போகும் சாலையும் குறுக்கிடும் இடம். ஒரு பக்கம் வெள்ளாறும் அதன் அணைக்கட்டும். தெற்கே பூதங்குடியில் தொடங்கி லால்பேட்டை வரை நீண்டு கிடக்கும் வீராணம் ஏரி. வீரநாராயணன் என்ற பட்டம் பூண்ட முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி இது. முழு மட்டம் 47.50 அடி. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரித் தண்ணீர் இதற்கு வருகிறது. 2004 முதல் இதே ஏரித் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் உபரி நீர் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றிலும், தெற்கே வெள்ளியங்கால் ஓடையிலும் திறக்கப்படும். அதனால் இவ்வூர்களுக்குக் கோடையில் வறட்சி, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம். மானியமும் நிவாரணமும் இங்கே வாழ்க்கைச் செலவுக் கணக்கின் ஒரு பகுதியாகிவிட்டதற்கு இந்த நிலவியலே முதல் காரணம்.

2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து வட்டாரங்களைக் காவிரிப் படுகையோடு சேர்த்தது. படுகை என்றால் அங்கே கோயில் நிலமும் மடத்து நிலமும் இருக்கும். ஊரைவிட்டுப் போய்விட்டவர்களின் நிலமும் இருக்கும். நெய்வேலியில் வேலை கிடைத்துக் குடிபெயர்ந்தவர், சென்னையில் மகனோடு தங்கிவிட்ட முதியவர், வளைகுடாவில் பத்தாண்டு கழித்தவர், கணவரை இழந்து ஆள் வைத்து உழ முடியாத பெண் என நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர்கள் பலவிதம். அவர்கள் எல்லோரும் பண்ணையார்கள் அல்லர். தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரிப் பரப்பே 0.75 எக்டேர்தான் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. இதில் உடைமையாளரைக் குற்றவாளியாக்க எனக்கு எண்ணமில்லை. குற்றம் திட்டத்தின் வடிவத்தில் இருக்கிறது.

நிலம் எடுத்துப் பயிர் வைப்பவரின் நிலைமை வேறு. குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. காணிக்கு இத்தனை மூட்டை என்று நடவுக்கு முன்பே பேசி முடிப்பார்கள். வெள்ளம் வந்தால் குறைத்துக்கொள்வதும் குறைக்காததும் உடைமையாளரின் மனத்தைப் பொறுத்தது. கையெழுத்து கிடையாது, ரசீது கிடையாது. எடுப்பவர்களில் கணிசமானோர் தலித் குடும்பத்தினர். தலைமுறைகளாகக் கூலிக்கு நட்ட நிலத்தில் இப்போது தாங்களே முதல் போட்டுப் பயிர் வைக்கிறவர்கள். பட்டா எவர் பெயரில் உள்ளது என்பது இந்த மண்ணில் பெரும்பாலும் சாதியின் வரலாறு. அதையே மானியத்தின் தகுதியாக வைக்கும்போது அந்த வரலாறு ஆண்டுக்கு மூன்று தவணையாகப் புதுப்பிக்கப்படுகிறது.

பொருளிலிருந்து ரொக்கத்துக்கு

வேளாண் மானியம் என்று ஒரே சொல்லில் அழைத்தாலும் வயலுக்கு வந்து சேரும் வழிகள் பல. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. உண்மை விலைக்கும் இதற்கும் உள்ள பெரும் வித்தியாசத்தை ஒன்றிய அரசு உர நிறுவனத்துக்குத் தந்துவிடுகிறது. கடையில் ஆதார் வைத்துக் கைரேகை பதித்து வாங்குபவர் நில உடைமையாளரா குத்தகைதாரரா என்று எவரும் பெரிதாகக் கேட்பதில்லை. இந்த மானியம் மூட்டையோடு போகிறது. மூட்டை வயலுக்குப் போகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கிடைக்கும் ஊக்கத்தொகை நெல்லோடு போகிறது. மின்சாரம் கொஞ்சம் சிக்கலானது: 1984-இல் சிறு உழவர்களுக்கும் 1990-இல் எல்லா உழவர்களுக்கும் இலவசமானது, மின் இணைப்பு உடைமையாளர் பெயரில் இருந்தாலும் தண்ணீர் பயிருக்குத்தான் பாய்கிறது. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் பக்கத்து வயலுக்குத் தண்ணீரை விலைக்கோ பங்குக்கோ விடும்போது இலவசத்தின் ஒரு பகுதி அவர் கையில் தங்கிவிடுவதும் உண்டு.

கடன் தள்ளுபடி இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. பெரிய உதவிதான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கவே சிட்டாவும் பயிர்ப் பதிவேடான அடங்கலும் கேட்பார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகைதாரர் நடவுச் செலவுக்கு நகையை அடகு வைத்தார், அல்லது உரக்கடையிலும் நெல் வியாபாரியிடமும் கடன் சொன்னார். அந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய எந்த அரசாணையாலும் முடியாது.

இந்தப் போக்கின் முழு வடிவம் 2019-இல் வந்தது. பிரதமரின் உழவர் உதவித்தொகைத் திட்டம், மக்கள் வழக்கில் பிஎம் கிசான், 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கப்பட்டு 2018 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. முதலில் இரண்டு எக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும்; அதே ஆண்டு ஜூன் முதல் பரப்பு வரம்பு நீங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. வருமான வரி செலுத்துவோர், அரசு ஊழியர்கள், பத்தாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர் ஆகியோர் நீக்கப்பட்டார்கள். 2019 பிப்ரவரி 1 அன்று சாகுபடி நிலம் எவர் பெயரில் இருந்ததோ அவரே பயனாளி. அதற்குப் பின் வாங்கிய நிலத்துக்குத் தகுதி இல்லை. வாரிசு வழியில் வந்தால் உண்டு. குத்தகைதாரருக்கு இடமே இல்லை. நிறுவனங்களின் நிலத்துக்கும் இல்லை.

கடைசி விதியைச் சிதம்பரம் பகுதியில் வைத்துப் பார்க்க வேண்டும். கோயில் நிலத்தில் பயிர் வைப்பவருக்குப் பட்டா இல்லை. பட்டா சாமி பெயரில். சாமி நிறுவன உடைமையாளர் என்பதால் பணம் இல்லை. உழுபவர் உடைமையாளர் இல்லை என்பதால் அவருக்கும் இல்லை. மூன்று தலைமுறையாக ஒரே வயலை உழுது, கோயிலுக்குக் குத்தகை அளந்து, ரசீதும் கையில் வைத்திருப்பவர்கூட இந்தத் திட்டத்தின்படி உழவர் ஆகமாட்டார். இதில் யாரும் ஏமாற்றவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. விதி தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவுதான் அவரை வெளியே நிறுத்துகிறது.

பட்டா உள்ளவர்களுக்கும் வழி நேராக இல்லை. இந்தப் பக்கத்து இ-சேவை மையம் ஒன்றில் அரைநாள் உட்கார்ந்தால் போதும். மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை வெளியே வரும். உள்ளே அப்பா பெயரில் பட்டா; அப்பா இறந்து பல வருடமாகியிருக்கும். அல்லது அண்ணன் தம்பி நால்வருக்கும் ஒரே கூட்டுப் பட்டா. அல்லது 1979 முதல் 1987 வரை நடந்த நிலப் பதிவேடு மேம்பாட்டின்போது, ஊர்க்காரர்கள் சொல்லும் யுடிஆர் காலத்தில், புல எண் மாறி விழுந்த பிழை. ஆதாரில் ஒரு எழுத்து, பட்டாவில் வேறு எழுத்து. மையத்துப் பெண் ஆதார் எண்ணைத் தட்டுவார். “ஓடிபி வந்துச்சா ஐயா?” என்று கேட்பார். கைப்பேசி மகனிடம் திருப்பூரில் இருக்கும். பெரியவர் பேசாமல் உறையை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

நில விவர இணைப்பும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பும் கட்டாயமான பிறகு, 2023 வாக்கில் தமிழ்நாட்டில் பணம் பெற்றவர்கள் ஏறத்தாழ 21 லட்சம். 2015-16 கணக்கெடுப்பில் இருந்த கைப்பற்று நிலங்கள் 79.38 லட்சம். விலக்கப்பட வேண்டியவர்களைக் கழித்தாலும் இந்த இடைவெளி மிகப் பெரியது. அந்தக் கணக்கெடுப்பே வருவாய்ப் பதிவேடுகளிலிருந்து தொகுக்கப்படுவது என்பதால் வாய்ப்பேச்சுக் குத்தகை அதிலும் இல்லை. அதாவது குத்தகை உழவர் இந்த இடைவெளிக்குள்கூட எண்ணப்படவில்லை.

2020: கடவுச்சொல் இருந்தால் போதும்

இவ்வளவு கடுமையான காகித விதி திட்டத்துக்கு வேலியாக நின்றதா என்று பார்த்தால், 2020 ஆகஸ்டில் வெளிவந்த முறைகேடு வேறு விடை சொல்கிறது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை உள்ளிட்ட 13 மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் இலட்சக்கணக்கில் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இணையத்தில் உழவர்கள் தாங்களே பதிவு செய்துகொள்ளும் வசதி வந்திருந்தது. அப்படி வரும் விண்ணப்பத்தை வட்டார வேளாண் அலுவலகம் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலுக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒப்பந்தப் பணியாளர்கள் வழியாகத் தனியார் கணினி மையங்களுக்கும் தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

ஒன்றிய வேளாண் அமைச்சகம் அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி, சரிபார்க்கப்பட்ட 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியற்றவை. அதுவரை 61 கோடி ரூபாய் திரும்பப் பெறப்பட்டிருந்தது. 96 ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள். 34 அலுவலர்கள்மீது துறை நடவடிக்கை. கைதானவர்கள் 52 பேர். சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. சரிபார்த்ததில் பத்தில் ஒன்பது போலி என்றால் அதைச் சில்லறைத் திருட்டு என்று கடந்துபோக முடியாது.

இந்த நிகழ்வு பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஊழலைப் பற்றி எழுதினார்கள். எனக்கு இதில் தென்படுவது சரிபார்ப்பு நடந்த இடம். யாரும் வயலுக்குப் போகவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் கணக்கும் கேட்கப்படவில்லை. முழுச் சரிபார்ப்பும் ஒரு திரையில், ஒரு கடவுச்சொல்லுக்குள் முடிந்தது. கடவுச்சொல் கைக்கு வந்தவுடன் நிலமற்றவரும் வெளி மாவட்டத்தவரும் உழவர் ஆனார்கள். அதே திரை, வெள்ளாற்றங்கரையில் உண்மையாகவே நாற்றங்காலில் நின்றவரை உழவர் என்று ஏற்கவில்லை. பட்டா விதி நேர்மையான குத்தகைதாரரைத் தடுத்தது. நேர்மையற்ற தரகரைத் தடுக்கவில்லை. முறைகேட்டைத் தடுக்க இன்னும் அதிகக் காகிதம் கேட்பதே வழி என்பவர்களுக்கு 2020 அனுபவம் எதிர்ச் சாட்சி.

பணம் பெற்ற பலரும் ஏழைகள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஊரடங்கு நேரம். கொரோனா நிவாரணம் வருகிறது என்று சொல்லித் தரகர்கள் ஆதாரும் வங்கிப் புத்தகமும் வாங்கிப் போனார்கள், கமிஷனும் எடுத்தார்கள். பிறகு வங்கி அந்தத் தொகையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. குற்றத்தில் பெரும்பங்கு வேறு இடத்தில் இருந்தது. மிச்சக் கணக்கைக் கட்டியவர்கள் இவர்கள்.

ஆலையும் கொள்முதல் நிலையமும் அறிந்தது

உழுபவரைக் கண்டுபிடிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒரு வாதம் அடிக்கடி வைக்கப்படுகிறது. இதற்கு மறுப்பு சேத்தியாத்தோப்பிலேயே இருக்கிறது. இங்குள்ள எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை பல ஆண்டுகளாகச் சாகுபடி செய்பவரோடு நேரடியாகக் கணக்கு வைத்திருக்கிறது. நட்டவுடன் கரும்பைப் பதிவு செய்கிறார்கள். ஆலையின் கரும்புப் பிரிவு அலுவலர் வயலுக்கு வந்து பரப்பையும் ரகத்தையும் நட்ட தேதியையும் பார்க்கிறார். முதிர்ச்சி பார்த்து வெட்டு உத்தரவு வருகிறது. வண்டி எடை மேடையில் ஏறுகிறது. டன் கணக்குக்குப் பணம். நிலம், பயிர், ஆள், எடை நான்கும் ஒரே கணக்கில் சேர்கின்றன. பணம் தாமதமாகும் என்ற குறை கூட்டுறவு ஆலைகள் எல்லாவற்றின்மீதும் உண்டு. அது நியாயமான குறை. ஆனால் யாருக்குத் தர வேண்டும் என்பதில் ஆலைக்குக் குழப்பம் இல்லை.

மாநில அரசின் கரும்பு ஊக்கத்தொகை இந்தப் பதிவின் மீதே போகிறது. 2020-21 அரவைப் பருவத்தில் ஒன்றிய அரசின் விலை டன்னுக்கு 2,707 ரூபாய் 50 காசு. மாநிலம் 192 ரூபாய் 50 காசு சேர்த்து 2,900 ஆக்கியது. 2024-25 பருவத்தில் 3,151 ரூபாயோடு 349 ரூபாய் சேர்ந்து 3,500 ஆனது. நெல்லிலும் இதே முறை. 2024-25-இல் சன்ன ரகத்துக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,320, மாநில ஊக்கத்தொகை 130. அடுத்த பருவத்தில் 2,389-உம் 156-உம் சேர்ந்து 2,545.

ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். 156 ரூபாய் வீதம் 3,900 ரூபாய். இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவருக்கு ஒரு போகத்தில் 7,800 ரூபாய். கரும்பில் ஏக்கருக்கு 40 டன் என்றால் 349 வீதம் 13,960 ரூபாய். நில உடைமையாளர் கணக்கில் ஆண்டு முழுவதற்கும் விழும் 6,000 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2019-இல் நிர்ணயித்த அந்த 6,000 இத்தனை ஆண்டு கூலி உயர்வுக்கும் டீசல் விலைக்கும் பிறகும் அப்படியே நிற்கிறது. விளைச்சலோடு இணைந்த மாநில ஊக்கத்தொகை, பெயரில் சிறியதாகத் தெரிந்தாலும், உழுபவரின் கையில் அதிகமாகச் சேர்கிறது. 2021-இல் வேளாண்மைக்கென்று தமிழ்நாட்டின் முதல் தனி நிதிநிலை அறிக்கையை வாசித்த அன்றைய வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே.பன்னீர்செல்வம் இதே மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடித் தொகுதியிலிருந்து தேர்வானவர். அந்த அறிக்கைகளில் பேசப்பட்ட பல புதுமைகளைவிட இந்த ஊக்கத்தொகை கீழ்நிலை உழவருக்கு அதிகம் பயன்பட்டது என்பது என் கணிப்பு.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விளைந்தால்தான் பணம். பயிர் தண்ணீரில் கிடந்தால் ஊக்கத்தொகைக்கு நெல் ஏது? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 33 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்ட நெற்பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என்றார்கள். ஏக்கருக்கு 7,000 ரூபாய்க்கும் குறைவு. அதையும் வாங்க, நட்டது தான்தான் என்று குத்தகைதாரர் நிரூபிக்க வேண்டும். அப்போது அவர் நம்பியிருப்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலையும், உடைமையாளர் ஆட்சேபிக்காமல் இருக்கும் பெருந்தன்மையையும். நல்ல உடைமையாளர்கள் அந்தத் தொகையைக் குத்தகைதாரரிடமே விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் குத்தகையில் கழித்துக்கொள்கிறார்கள். உரிமை ஒருவரின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருப்பதை உரிமை என்று சொல்ல முடியாது.

வாய்ப்பேச்சுக்குப் பின்னால் உள்ள சட்டம்

ஏன் எழுதிக் கொடுப்பதில்லை? இந்தக் கேள்விக்கு விடை நம் நிலச் சட்டங்களின் வெற்றியிலும் தோல்வியிலும் சேர்ந்தே இருக்கிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே 1952-இல் தஞ்சை சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வடகரையில் அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த சிதம்பரம் பகுதிக்கு 1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம். அதன் இன்றைய அளவு விளைச்சலில் கால் பங்கு. 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம்.

ஒரு காலத்தில் இச்சட்டங்கள் ஏராளமான குடும்பங்களை நிலத்திலிருந்து வெளியேற்றப்படாமல் காத்தன. அதன் மறுபக்கமாக, ஒருமுறை பதிவாகிவிட்டால் குத்தகைதாரரை எழுப்பவே முடியாது என்ற அச்சம் உடைமையாளர்களிடம் ஊன்றிவிட்டது. அதனால் காகிதமே வேண்டாம் என்றானது; ஆண்டுக்கு ஆண்டு ஆளை மாற்றுவதும் வழக்கமாயிற்று. கோயில் நிலங்களில் உள்குத்தகை முளைத்தது: ரசீது ஒருவர் பெயரில், ஏர் இன்னொருவருடையது. பதிவேட்டுச் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் புதிய குத்தகைகள் அதில் ஏறுவதில்லை. பிஎம் கிசான் இந்த அச்சத்தை இன்னும் இறுக்கிவிட்டது. குத்தகைதாரர் பெயர் எங்காவது பதிவானால் தவணைப் பணம் நின்றுவிடுமோ என்ற சந்தேகம் உடைமையாளருக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

பிற இடங்களின் பாடம்

இது நமக்கு மட்டும் வாய்த்த சிக்கல் என்று எண்ண வேண்டாம். 1933-இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு பருத்திப் பரப்பைக் குறைக்கும் உழவர்களுக்குப் பணம் தந்தது. பணம் நில உடைமையாளர் வழியாகப் போனது. வாரத்துக்குப் பயிரிட்டவர்களுக்கு அதில் பங்கு தர வேண்டும் என்று விதி இருந்தும், பலர் பங்கைத் தருவதைவிட வாரக்காரரை வெளியேற்றுவதே லாபம் என்று கண்டார்கள். அதன் எதிர்வினையாக 1934-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் டைரான்சா ஊரில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே அமைப்பில் சேர்ந்து தெற்குக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். உடைமை வழியாகத் தரப்படும் மானியம் உழுபவரைச் சென்றடையாமல் போவதோடு நிற்பதில்லை, சில நேரம் அவரை நிலத்தைவிட்டே துரத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்தியாவில் தெலங்கானா 2018 மே மாதம் ரைத்து பந்து திட்டத்தை ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாயோடு தொடங்கியது. பரப்பு வரம்பில்லை, குத்தகைதாரரும் இல்லை. நிலம் அதிகம் உள்ளவருக்கு அதிகப் பணம். ஒடிசாவின் காலியா திட்டம் சிறு உழவர்களோடு வாரக்காரரையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரம் 2019-இல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பதினொரு மாதத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடி அட்டை. நில உடைமையை அது தொடாது. மானியத்துக்கும் காப்பீட்டுக்கும் கடனுக்கும் பயன்படும். அழகான யோசனை. ஆனால் உடைமையாளரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்று வைத்தார்கள். கையெழுத்து கிடைக்காத ஏராளமானோருக்கு அட்டையும் கிடைக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பதினொரு மாத வரம்பை. விட்டுவிட வேண்டியது ஒப்புதல் கையெழுத்தை.

கொள்கை அளவில் விடை எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையத்தின் பரிந்துரையிலிருந்து உருவான 2007 தேசிய உழவர் கொள்கை, உழவர் என்ற சொல்லுக்குள் குத்தகைதாரரையும் வாரக்காரரையும் வேளாண் கூலித் தொழிலாளரையும் சேர்த்தே வரையறுத்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த திட்டம் அந்த வரையறையைக் கைவிட்டது. சுவாமிநாதனைப் போற்றும் அரசுகள் அவருடைய இந்த ஒரு வரையறையைப் பின்பற்றினாலே பெரிய காரியம்.

செய்ய வேண்டியது

2025 முதல் உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் தரப்படுகிறது. பட்டா, ஆதார், கைப்பேசி எண் மூன்றும் இருந்தால் பதியலாம். இனி மானியம் எதற்கும் இந்த எண்ணே திறவுகோல் என்கிறார்கள்.  எண் பட்டாவோடு கட்டப்பட்டுவிட்டால், இதுவரை உழுபவரிடம் போய்க்கொண்டிருந்த உர மானியமும் நெல் ஊக்கத்தொகையும் நாளை பட்டாவை நோக்கித் திரும்பும் ஆபத்து இருக்கிறது. என் கவலையில் பெரும்பங்கு இதுதான். கிடைக்காதது கிடைக்கவில்லை என்பது ஒரு துயரம். கிடைத்துக்கொண்டிருந்ததும் போய்விடுவது அதைவிடக் கொடியது.

உடைமையாளரிடமிருந்து 6,000 ரூபாயைப் பிடுங்க வேண்டியதில்லை. முக்கால் எக்டேர்க்காரருக்கு அதுவும் தேவைதான். அடையாள எண்ணை இரண்டாகப் பிரித்தால் போதும்: நில உடைமைக்கு ஒன்று, பருவச் சாகுபடிக்கு ஒன்று. இரண்டாவது எண் ஒரு பசலி ஆண்டோடு முடிந்துவிட வேண்டும். 1955 சட்டத்தின்கீழ் உரிமை கோர அது ஆதாரமாகாது என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். இப்படிச் செய்தால் குத்தகைதாரரின் நிரந்தர உரிமை நீர்த்துப்போகும் என்று உழவர் இயக்கத்தினர் சிலர் அஞ்சுவது எனக்குத் தெரியும். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனாலும் வாய்ப்பேச்சில் ஆண்டுதோறும் ஆள் மாறும் இன்றைய குத்தகையில் காப்பாற்ற எந்த நிரந்தர உரிமையும் மிச்சமில்லை. வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் உரமும் ஊக்கத்தொகையும் இந்த இரண்டாவது எண்ணின் வழியே போகட்டும். கோயில் நிலத்தில் குத்தகை ரசீது உள்ளவருக்கு அந்த ரசீதே போதுமான சான்றாகட்டும்.

சரிபார்ப்பை எங்கே நடத்துவது? வயலில். கரும்பு அலுவலர் செய்வதைப்போல, பயிர் நிற்கும்போது, அண்டை வயல்காரர்கள் பார்த்திருக்க. யார் எந்த வயலில் நட்டார் என்பது எந்த ஊரிலும் ரகசியம் இல்லை. கொல்லைப் பக்கம் போகிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கிராம சபையில் அந்தப் பட்டியலை வாசித்தால் 2020-இல் நடந்தது போன்ற போலிப் பெயர்கள் ஒரு நாள்கூட நிற்க முடியாது.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடங்கல் ஒவ்வொரு பசலியிலும் எழுதப்படுகிறது. குத்தகைதாரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் அதிகாரம் 1969-ஆம் ஆண்டின் 10-ஆம் சட்டத்தின்கீழ் வருவாய்த் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த சம்பாவுக்கு வீராணத்தில் தண்ணீர் திறப்பதற்கு முன் கடலூர் மாவட்டத்தின் படுகை வட்டாரங்கள் ஐந்திலாவது அந்தப் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.